ஏழாம் கட்டிலில் எனக்குக் கேட்காதது

கேட்டதா, கேட்கவில்லையா? இந்த ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தாளில் ஏறிவிட்டது. சீனியம்மாள், முப்பத்தெட்டு வயது, புளி உடைக்கிற கொட்டகையில் வேலை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, சின்ன வயதில் மூட்டு மூட்டாக வீங்கிய காய்ச்சல், மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. நாடி ஒழுங்கில்லாமல் ஓடுகிறது. இதயத்தின் முதல் ஒலி, யாரோ கோபத்தில் கதவை அறைந்து சாத்துகிற மாதிரி பலமாகக் கேட்கிறது. இதுவரைக்கும் என் விரல், என் காது, சந்தேகமில்லை. அடுத்த வரியில் ‘மர்மர்’ என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். சுருங்கிப்போன வால்வு வழியாக ரத்தம் நெருக்கியடித்து இறங்கும்போது வருகிற உருட்டல் அது, ஊருக்கு வெளியே எங்கேயோ லாரி போகிற மாதிரி அவ்வளவு தாழ்ந்த சத்தம். அந்த வெற்றிடத்தில் ‘உண்டு’ என்று எழுத ஒரு நொடி போதும். பேனாவை வைத்து வைத்து எடுத்ததில் அங்கே ஒரு நீலப்புள்ளி பெரிதாகிக்கொண்டே வருகிறது. தேர்வாளர்கள் இருவரும் நாலாம் கட்டிலில் நிற்கிறார்கள், அங்கே முடித்ததும் இங்கேதான். இறுதியாண்டு மெடிசின் செய்முறைத் தேர்வின் பெரிய கேஸ் இது. இதில் விழுந்தால் எழுத்துத் தேர்வில் எடுத்த மார்க்கெல்லாம் வீண், கூடப் படித்தவர்கள் பயிற்சி டாக்டர்களாக இதே வார்டில் நடமாடும்போது நான் விடுதியில் அடுத்த பேட்ச்சின் புத்தகங்களுக்கு நடுவே ஆறு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும். மெஸ்ஸில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுவார்கள். சரி, நினைக்காதே. கேட்டதா, கேட்கவில்லையா?

பிரச்சினை என் காதில்கூட இல்லை, எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதில் இருக்கிறது. வார்டுக்கு வெளியே வராந்தா முனையில் ஒரு தண்ணீர் ஃபில்டர் இருக்கிறது. தேர்வு முடித்து வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும், தேர்வுக்குக் காத்திருக்கிறவர்கள் பாட்டிலோடு அங்கேதான் நிற்பார்கள், யாருக்கும் தாகம் கிடையாது. எந்தக் கட்டிலில் என்ன நோய் என்பது அங்கே கைமாறும். எங்கள் சீனியர்களுக்கும் அவர்களுடைய சீனியர்களுக்கும் இதே ஃபில்டர்தான், ‘தண்ணி குடிச்சாச்சா?’ என்றால் எல்லாக் கேஸும் தெரிந்தாயிற்றா என்று அர்த்தம். நான் இன்று பாட்டில் எடுத்துக்கொண்டு வரவில்லை, தூணோரம் ஒதுங்கி நின்றேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஒதுங்கி நின்றால் என்ன, காதை மூடிக்கொண்டா நின்றேன்? டெல்பினா வெளியே வந்தவள் நேராக என்னிடம்தான் வந்தாள். “ஏழுல எம்.எஸ். தான்டி, கனி. மர்மர் அவ்ளோ நல்லா கேக்குது, கண்ணை மூடிட்டு சொல்லிடலாம்.” எம்.எஸ். என்றால் மைட்ரல் வால்வு சுருங்கிப்போவது. “நான் கேக்கவே இல்லையே டெல்பி,” என்றேன். “நீ கேக்க மாட்டேன்னுதான் நானே வந்து சொல்றேன். அரிச்சந்திரன் பேத்தி மாதிரி நிக்காத, போ.” அவள் கண்ணில் கள்ளமே இல்லை. காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி கொண்டு வந்து தந்த அதே முகம். பிறகு உள்ளே கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள், கிட்னி ட்ரே என்கிற வளைந்த ஸ்டீல் தட்டில் மடித்துக் கிடந்த சீட்டுகளில் என் கைக்கு ஏழு வந்தது. சீட்டு எடுப்பது எல்லாருக்கும் சமம் என்பதற்காகத்தான். வராந்தாவில் எல்லாம் பேசி முடித்துவிட்டு இங்கே வந்து சமத்துக்காகச் சீட்டு எடுக்கிறோம். சீட்டைப் பிரித்தபோது, வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தெரிந்த பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் என்ன கேட்கும்? தெரிந்ததுதான் கேட்கும். முதல் தடவை வைத்தபோது உருட்டல் கேட்டது, நிச்சயமாகக் கேட்டது, எழுதப் போனேன். அப்புறம் மேலே பார்த்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஒரு இறக்கை எதிலோ உரசிக்கொண்டிருந்தது. வார்டில் நிற்கிற மேல்படிப்பு டாக்டர், பி.ஜி. அக்காவிடம் சொல்லி ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன், இல்லை. வெளியே உணவு வண்டி போனது, இருந்தது. வண்டி போய்விட்டது, இல்லை. இடது பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, கிண்ணம் மாதிரி இருக்கிற சின்னப் பக்கத்தைத் தோலில் பட்டும் படாமல் வைத்து, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லி, என் மூச்சையும் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கதவு அறைந்து சாத்தியது, அப்புறம் மௌனம், அந்த மௌனத்துக்குள் ஏதோ இருக்கிற மாதிரி இருந்தது. அந்த ஏதோ என்னுடைய ஆசையா, சீனியம்மாளின் ரத்தமா? டெல்பினா சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு என்ன கேட்டிருக்கும்? அந்தக் காது இனிமேல் கிடைக்காது, அதை யாரிடமும் திருப்பி வாங்க முடியாது. மூன்றாம் வருடத்தில் முதன்முதலாக எங்கள் குழுவை ஒரு இதயநோயாளிக்கு முன்னால் நிறுத்தி ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார்கள். சந்திரமோகன் சார்தான், இன்றைக்கு உள்தேர்வாளராக நாலாம் கட்டிலில் நிற்கிறாரே அவர்தான். “கேக்குதா?” என்றார். “கேக்குது சார்,” என்றான் முதல் ஆள். அடுத்தவள் தலையாட்டினாள். அப்படியே வரிசையாகத் தலைகள் ஆடிக்கொண்டு வந்து என்னிடம் நின்றன. “கேக்கலை சார்,” என்றேன். “போய் காதைக் கழுவிட்டு வா,” என்றார், எல்லாரும் சிரித்தார்கள், நோயாளியும் மரியாதைக்குச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நான் மறுநாள் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போய்ச் சீட்டுப் போட்டு, கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, பீப் சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்கி, என் காதைப் பரிசோதித்துக்கொண்டேன். “உன் காதுக்கு ஒரு குறையும் இல்லம்மா, யாரு அனுப்பினது?” என்று அங்கிருந்த மேடம் கேட்டார்கள். யாரும் அனுப்பவில்லை என்று சொன்னேன். அன்றையிலிருந்து எந்த நெஞ்சில் வைத்தாலும் நான் முதலில் கேட்பது என் பயத்தைத்தான்.

“என்ன பாப்பா, ஓடுதா நின்னுபோச்சா?” என்கிறாள் சீனியம்மாள், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டே. “ஓடுதுக்கா.” “பின்ன என்ன இவ்வளவு யோசனை? காலையிலேர்ந்து ஆளாளுக்கு நடக்க விட்டு, குழாய வச்சு வச்சு அந்த இடமே காப்புக் காய்ச்சுப் போச்சு. ஒரு தம்பி வந்தாரு, குளிரா இருக்கேன்னு சொல்றேன், காதுல குழாய மாட்டிக்கிட்டு நான் பேசுறதே கேக்கலை அவருக்கு.” நான் சிரித்துவிட்டேன், பி.ஜி. அக்கா திரும்பிப் பார்த்தார்கள், தாளைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். சீனியம்மாள் குரலை இறக்கினாள். “சனிக்கிழமையே பேர் வெட்டி வீட்டுக்கு அனுப்புறேன்னாங்க. அப்புறம் பரீச்சை இருக்கு, நீங்க இருந்தாத்தான் புள்ளைங்க பாஸாகும்னு சொல்லி நிறுத்திட்டாங்க. நான் படுத்துக் கிடந்தா நீங்க பாஸா? அப்ப எனக்கும் ஒரு சர்ட்டிபிகேட்டு எழுதித் தரச் சொல்லுங்க.” பேசுகிறபோது நடுவில் நிறுத்தி மூச்சு எடுக்கிறாள். நகைச்சுவைக்காக நிறுத்துகிற மாதிரி இருக்கிறது, ஆனால் மூச்சுக்குத்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே கொண்டுபோய் முடித்துவிடுகிறாள், நெடுநாள் பழக்கமாக இருக்க வேண்டும். “ஆமா, எனக்கு என்னதான் நோவு? கேட்டா இங்கிலீசுல ஏதோ சொல்லிட்டுப் போயிடுறாங்க. நீயாவது சொல்லேன்.” பரீட்சை நேரத்தில் சொல்லக்கூடாதுக்கா என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று பட்டது. வராந்தாவில் பாட்டிலோடு நிற்கிற அத்தனை பேருக்கும் இவளுக்கு என்ன நோய் என்று தெரியும். இவளுக்குத் தெரியாது. ரகசியம் காப்பாற்றப்பட்டது இவளிடமிருந்து மட்டும்தான்.

நாலாம் கட்டிலில் யாரோ திக்குகிறார்கள், வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் தாடையைச் சொறிந்துகொண்டு காத்திருக்கிறார். சரி, கணக்காகவே யோசிப்போம். ‘உண்டு’ என்றால் பாஸ். அது பொய்யா? சீனியம்மாளுக்கு மர்மர் இருக்கலாம், நிஜமாகவே இருக்கலாம், அப்படியென்றால் நான் சொல்வது உண்மை, எனக்குக் கேட்டது என்பது மட்டும்தான் பொய். அந்த அளவு பொய்யை எல்லாரும் சொல்கிறார்கள், நாளைக்கு நல்ல டாக்டர்களாகவும் ஆகிறார்கள், டெல்பினா நிச்சயமாக ஆவாள். ‘இல்லை’ என்றால் தப்பு, மார்க் போகும். ‘கேட்கவில்லை’ என்றால்? அதற்கு மார்க் எங்கே? தெரிந்ததற்கு மார்க் உண்டு, தெரியாததற்குப் பூஜ்யம், தெரியவில்லை என்று தெரிந்து வைத்திருப்பதற்கு ஒன்றும் கிடையாது. காலையில் அப்பா போன் செய்தார். அவர் எடைமேடையில் வேலை பார்க்கிறார், லாரி ஏறி நின்றால் எடையைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுக்கிற வேலை. “நல்லா எழுதும்மா,” என்றார். “எழுதுறது இல்லப்பா, ஒரு பேஷண்டைப் பாத்து என்னன்னு சொல்லணும்.” “சரியாச் சொன்னா மார்க்கு. அவ்வளவுதானே? அது சுலபம்லா.” அவருடைய மேடையில் நம்பர் சிவப்பாக எரிகிறது, அப்பாவுக்குத் தெரிகிற அதே நம்பர் டிரைவருக்கும் தெரிகிறது. என் மேடையில் என்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா, சீனியம்மாள் கண்ணை மூடியிருக்கிறாள், கழுத்தில் நரம்பு துடிக்கிறது, சட்டையைத் தளர்த்திக் காற்று வாங்குகிறாள். இவளை இன்னும் எத்தனை பேர் தொட வேண்டும்? வேண்டாம். இன்னொரு தடவை வைத்தால் கேட்டுவிடும், அதுதான் பயம்.

வந்துவிட்டார்கள். வெளித்தேர்வாளர் குட்டையானவர், கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். சந்திரமோகன் சார் மார்க் தாளோடு அவருக்குப் பக்கத்தில். “சொல்லும்மா,” என்றார் வெளித்தேர்வாளர். சொன்னேன். சீனியம்மாளின் மூட்டுவலியும் புளிக்கொட்டகையும் என் இங்கிலீஷில் வேறு யாருடைய வாழ்க்கையோபோல் வெளியே வந்தன. முதல் ஒலி வரைக்கும் வந்தேன். “மர்மர்?” என்றார். தாளைப் பார்த்தேன், நீலப்புள்ளி. “எனக்குக் கேக்கலை சார்.” சந்திரமோகன் சார் நிமிர்ந்தார். “திருப்பிப் படுக்க வச்சியா?” “வச்சேன் சார். மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லியும் கேட்டேன்.” “காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. உனக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போகும்?” அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் வெளியே வந்தால் டெல்பினா போவாள், வராந்தாவில் நிற்கிற எல்லாரும் போவார்கள், நானும்தான். தெரியலை சார் என்றேன். வெளித்தேர்வாளர் கையை நீட்டி அவரைத் தடுத்தார். “நடக்க வச்சுக் கேட்டியா? கொஞ்சம் நடந்தா நல்லா எடுப்பாக் கேக்குமே, தெரியாதா?” “தெரியும் சார். வைக்கலை.” “ஏன்?” “அவங்களுக்கு இப்பவே மூச்சு வாங்குது சார். காலையிலேர்ந்து எல்லாரும் நடக்க வச்சிருக்காங்க.” “இப்ப வை. ரெண்டு நடை போதும். கேட்டுட்டுச் சொல்லு, நான் மார்க்கைக் குறைக்கலை.” நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். சீனியம்மாள் அதற்குள் எழுந்து காலைத் தொங்கப்போட்டுக் கம்பியைப் பிடித்துவிட்டாள். “ரெண்டு நடைதானே பாப்பா, நடந்திருவேன்,” என்றாள், ‘நடந்திருவேன்’ என்பதை இரண்டாக உடைத்துச் சொன்னாள். இரண்டு நடை. வராந்தாக் கதவு வரை போய்த் திரும்பி வருவது. அவள் உதட்டைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். எனக்குச் சத்தம் கிடைக்கும், அந்தச் சத்தத்தை இவள் மூச்சிலிருந்து எடுத்துத் தருவாள். “வேண்டாம்கா, படுங்க,” என்றேன். பிறகு, யாருடைய குரல் என்று தெரியவில்லை, “கேக்கலைன்னே போட்டுக்கோங்க சார்.” சந்திரமோகன் சாரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. “மர்மர் இல்லாம டயக்னோசிஸ் என்னன்னு சொல்லுவ?” “எம்.எஸ்.ஸா இருக்கலாம் சார். முதல் ஒலி, நாடி, சின்ன வயசுக் காய்ச்சல், இதையெல்லாம் வச்சு.” சொல்கிறபோதே உறுத்தியது, இதில் எத்தனை பங்கு என் மூளை, எத்தனை பங்கு ஃபில்டர்? வெளித்தேர்வாளர் தன் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் கேட்டார். நான் அவர் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது மேலே போகும் அல்லது சுருங்கும், ஏதாவது ஒன்று நடந்தால் எனக்குத் தெரிந்துவிடும். நடக்கவில்லை. கழற்றினார், கழுத்தில் போட்டுக்கொண்டார், “நன்றிம்மா,” என்று சீனியம்மாளிடம் சொன்னார். மருந்துகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், சொன்னேன். “போகலாம்.” சந்திரமோகன் சார் எழுதியதைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார்.

வராந்தா வெயிலில் கண் கூசியது. பெயில் போட்டிருப்பார்களா, பாஸாக்கி விட்டிருப்பார்களா, முடிவு பலகையில் ஒட்டும்வரை இனி இதுதான், தூங்கி எழுந்தாலும் இதுதான். அவருக்குக் கேட்டதா? அதையாவது சொல்லியிருக்கலாம், பெயிலாக்கிவிட்டாவது சொல்லியிருக்கலாம். ஃபில்டர் பக்கத்தில் நவநீதன் நின்றான், அவனுக்குப் பின்னால் மூன்று பேர். எல்லார் கையிலும் பாட்டில். நவநீதன் கெட்டிக்காரன், ஆனால் பரீட்சை என்றால் கை வியர்த்து ஸ்டெதஸ்கோப் வழுக்கும், இப்போதும் பாட்டில் அவன் கையில் வழுக்கிக்கொண்டிருந்தது. “கனி, உனக்கு ஏழுதானே? எனக்கும் ஏழுதான், சீட்டு எடுத்துட்டேன், கட்டில் காலியாகட்டும்னு வெளிய நிக்கச் சொன்னாங்க. எம்.எஸ்.தானே? மர்மர் கேக்குதா, இல்லியா? சீக்கிரம் சொல்லு, கூப்பிட்டுருவாங்க.” நான் நின்றேன். சொன்னால், எனக்கு நடந்தது இவனுக்கும் நடக்கும், இவனுடைய காதையும் நான் வாங்கிக்கொண்டுவிடுவேன். சொல்லாவிட்டால், எல்லாரும் குடித்துவிட்டுப் போன தண்ணீரை இவன் ஒருவனுக்கு மட்டும் மறுத்தவள் ஆவேன், அது எந்த ஊர் நியாயம்? என் நேர்மைக்கு நவநீதன் ஏன் பெயிலாக வேண்டும்? அவன் முகம் கெஞ்சியது. எனக்குச் சீனியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததுதான் கண்ணில் நின்றது. “நவநீதா, அவங்களை நடக்க மட்டும் வைக்காத. அவங்களுக்கு ரொம்ப மூச்சு வாங்குது,” என்றேன். அவன் முகம் பளிச்சென்று மலர்ந்தது. “ஓ... ஹார்ட் ஃபெயிலியர் வேற இருக்கா? டெல்பி இதைச் சொல்லவே இல்லையே! தேங்க்ஸ் கனி.” “இல்லடா, நான் அதைச் சொல்லலை. நோயைச் சொல்லலை, அவங்க பாவம்னு—” பி.ஜி. அக்கா கதவைத் திறந்து அவன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவன் பாட்டிலை ஜன்னல் மேல் வைத்துவிட்டு ஓடினான், ஓடுகிற ஓட்டத்தில் பின்னால் நின்றவர்களிடம் குனிந்து, “ஏழுல எம்.எஸ். கூடவே ஃபெயிலியராம், நுரையீரல் அடியில நீர் கோத்த சத்தம் கேக்கும், விட்டுராதீங்க,” என்றான். முதலில் நின்றவள் அடுத்தவனிடம் திரும்பினாள். அவன் அடுத்தவளிடம் திரும்பினான். “யாரு சொன்னா?” “கனி.” “கனியா? அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.” நான் கேட்டுப் பார்த்தபோது அந்த நுரையீரலில் ஒன்றுமே இல்லை, தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். கதவு சாத்திக்கொண்டது. இந்நேரம் நவநீதன் சீனியம்மாளை எழுப்பி உட்கார வைத்திருப்பான், முதுகில் குழலை வைத்து, மூச்சை இழுத்து விடுங்கம்மா, இன்னும் நல்லா இழுங்க, இன்னொரு தடவை என்பான். அவள் இழுப்பாள். அவனுக்குப் பிறகு அடுத்தவள், அவளுக்குப் பிறகு அடுத்தவன். எல்லாருக்கும் கேட்கும்.